பட்டியலில் மிச்சமிருந்த பெயர்

தாள் ஈரமாக இருந்தது. மற்ற இருபத்து மூன்று பேரின் தாள்களும் மொடமொடவென்று இருக்க, கொலெட் டூஃப்ரேன் கொடுத்தது மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே பனி கொட்டியிருந்தால் ஒரு நியாயம் இருக்கும். அந்த வாரம் முழுவதும் பளீரென்று வெயில். காப்பியைக் கொட்டியிருப்பாள் என்று முகர்ந்து பார்த்தேன். நாள்பட்ட கிணற்றைத் திறந்தால் வருமே, அந்த வாசனை வந்தது.

நான் நடத்துவது 'அமெரிக்க அரசாங்கம்: ஓர் அறிமுகம்'. வெர்மாண்டின் வடக்கு மூலையில் இருக்கிற ஓர் இரண்டாண்டுக் கல்லூரியில், இருபத்திரண்டு வருடமாக, அதே அறையில். ஆசைப்பட்டு இந்தப் பாடத்துக்கு வந்தவர் ஒருவரும் இல்லை. வெல்டிங் படிக்கிறவர், பல் சுத்தம் செய்யப் படிக்கிறவர், நர்ஸாகப் போகிறவர், எல்லாரும் கசப்பு மருந்து மாதிரி இதை ஒரு முறை விழுங்கித்தான் ஆக வேண்டும். நானும் தேன் தடவிக் கொடுக்கிற ஆள் இல்லை. கறாரான பொம்பளை என்று எனக்குப் பெயர். அது பொய்யான பெயரும் இல்லை.

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் மாநிலத்தில் ஊர்க்கூட்டம். அவரவர் ஊர் மண்டபத்தில் எல்லாரும் கூடி, பள்ளிக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு, சாலையில் பனி தள்ளப் புது வண்டி வாங்கலாமா என்று கை தூக்கியோ சீட்டுப் போட்டோ முடிவு செய்வார்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு கூட்டத்தில் முழுக்க உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்பது என் பாடத்தின் பெரிய வேலை. நான் கொடுக்கும் தாளில் ஐந்து கட்டங்கள் உண்டு. ஊர், தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், ஊர் கிளார்க்கின் கையெழுத்து. ஐந்தில் ஒன்று காலியாக இருந்தாலும் பூஜ்யம். ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், போன வருடம் ஒருவன் போகாத கூட்டத்துக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். அதில் சண்டை போட்டதாக அவன் எழுதியிருந்த இரண்டு பேரில் ஒருவர் செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

கொலெட்டின் தாளில் ஊர் என்ற கட்டத்தில் 'ஹாஸ்வெல்' என்று எழுதியிருந்தது. கிளார்க்கின் கையெழுத்து பழுப்பு மையில், ஐரீன் பிளட் என்று, பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த மாதிரி அழகான சாய்வெழுத்து. முடிந்த நேரம் என்ற கட்டம் காலி. அதன் ஓரத்தில் அதே பழுப்பு மையில் ஒரு குறிப்பு: 'கடைசித் தீர்மானத்தில் ஓட்டு சமம். பட்டியலில் உள்ள ஒரு வாக்காளர் இன்னும் வரவில்லை. அவரைக் கேட்காமல் முடிவு சொல்லத் தலைவர் மறுக்கிறார். சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது.'

தாளை மறுபடி மேலிருந்து படித்தேன். ஹாஸ்வெல் என்று ஓர் ஊர் இப்போது இல்லை. அது எண்பதடித் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அங்கேதான் நான் பிறந்தேன்.

எனக்கு இரண்டு வயதாகும்போது அணை கட்டினார்கள். கீழே ஆற்றோரத்தில் வரிசையாக ஊர்கள், வருடா வருடம் வெள்ளம். மேலே ஹாஸ்வெல்லைக் கொடுத்தால் கீழே எல்லாரும் பிழைத்துக்கொள்வார்கள் என்று அரசாங்கம் கேட்டது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். கொடுக்க வேண்டும் என்று ஐம்பத்தெட்டு பேர், வேண்டாம் என்று ஐம்பத்தெட்டு பேர். அந்த வருடம் கூட்டத் தலைவர் என் அப்பா, எல்பர்ட் ஆவெரில். சமமாக வந்தால் மட்டும் தலைவருக்கு ஓட்டு உண்டு. அவர் 'வேண்டும்' என்றார். அவ்வளவுதான். அக்டோபரில் கடைசி வண்டி கிளம்பியது, ஏப்ரலில் மண்டபத்தின் கூரை மறைந்தது.

அதற்குப் பிறகு அப்பா எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை, எந்தத் தேர்தலிலும் ஓட்டுப் போடவில்லை. மரக்கடையில் பலகை அறுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். பழைய ஊர்க்காரர்கள் எதிரே வந்தால் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பார்த்து, அவர் மேல் எனக்கு வெட்கமும் கோபமும் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வயதானதும் வாக்காளர் பதிவுத் தாளை நிரப்பி, கையெழுத்துப் போட்டு, சமையல் மேசையில் வைத்தேன். அப்பா அதை எடுத்துப் படித்தார். "நம்ம பேர் ஏற்கனவே ஒரு ஊர்ல இருக்கு, லொரெய்ன்" என்று சொல்லிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் வேறு தாள் வாங்கவில்லை. முதலில் வீம்பு, பிறகு சோம்பல், அப்புறம் யாரிடமும் சொல்ல முடியாத அவமானம். செப்டம்பர் மாதம் வந்தால் வகுப்பில் எல்லாருக்கும் பதிவுத் தாள் கொடுத்து, ஓட்டுரிமை பற்றித் தொண்டை வறளப் பேசுகிற நான், இத்தனை வயது வரை ஒரு முறைகூட ஓட்டுப் போட்டதில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

கொலெட்டைக் கூப்பிட்டு அனுப்பினேன். நாற்பத்தொரு வயது. கீழே ஆற்றோரத்து முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் மெய்ன் மாநிலத்திலிருந்து மகளோடு வந்தவள், எங்கள் ஊர்ப் பழங்கதை எதுவும் தெரியாது. இரவு வேலை முடித்துவிட்டு அப்படியே வகுப்புக்கு வருவாள், ஆனால் ஒரு நாள் தூங்கியதில்லை. நர்ஸ் படிப்பில் அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் என் பாடத்தில் அவள் தேறுகிறாள் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்த ஒரு தாள் பூஜ்யமானால் அவள் தேற மாட்டாள். கணக்கு அப்படித்தான் நின்றது.

"இந்த ஊருக்கு எப்படிப் போனீங்க?" என்றேன்.

"ரோட்டோரம் பலகை வெச்சிருந்தாங்க, புரொஃபசர். 'ஊர்க்கூட்டம் இன்று'ன்னு அம்புக்குறி போட்டு. என் ஊர்க் கூட்டத்துக்குத்தான் கிளம்பினேன், லேட்டாயிடுச்சு. சரி, எதுவா இருந்தா என்னன்னு திரும்பிட்டேன்."

"எந்த ரோடு?"

"ஏரிக்குள்ள இறங்குமே, அது. தண்ணியெல்லாம் வத்தியிருந்துச்சு."

அது சரிதான். பனி உருகுவதற்கு முன்னால் அணையைத் திறந்து ஏரியை இறக்கிவிடுவார்கள். மார்ச்சில் பழைய சாலை கொஞ்ச தூரம் சேற்று நிறத்தில் வெளியே தெரியும். கொஞ்ச தூரம்தான். மண்டபம் தெரிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஆளுங்க எப்படி?"

"நல்லவங்க. பீன்ஸும், ஆப்பிள் வெச்சுச் சுட்ட 'பை'யும் குடுத்தாங்க. பீன்ஸ்ல உப்பே இல்ல." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எல்லாரும் கோட்டைக் கழட்டாமயே இருந்தாங்க. தரையெல்லாம் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல." தாளில் இருந்த கிளார்க்கின் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "உங்களைத் தெரியுமான்னு அந்தம்மா கேட்டாங்க, புரொஃபசர். உங்க பேரைச் சொல்லி."

நான் பேச்சை மாற்றினேன். வேறு ஏதாவது ஊரில், வேறு ஏதாவது கூட்டம், என்று இழுத்தேன். திங்கட்கிழமைக்குள் எந்த ஊரிலும் கூட்டம் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

"நீங்க மார்க்கைப் போடுங்கன்னு நான் கேக்கல" என்றாள். "காலிக் கட்டம் காலிதான். லீவு சொல்லிட்டு சனிக்கிழமை திரும்பப் போறேன், முடிஞ்ச நேரத்தை வாங்கிட்டு வரேன். நான் கதை விடறேன்னு நினைக்கறீங்களா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"இல்ல" என்றேன். அது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவள் போனதும், பக்கத்து மேசையில் திருத்திக்கொண்டிருந்த வெண்டல் தலையைத் தூக்கினான். கணக்குப் பாடம் நடத்துகிறவன், பதினைந்து வருடப் பழக்கம். "ஏதோ ஒரு நேரத்தை எழுதித் தொலையேன் லொரெய்ன். மூணேகால்னு போடு. எவன் போய்ப் பாக்கப் போறான்?"

"நான் போய்ப் பாப்பேன்."

"உன் ரூலுக்குக் கோயில் கட்டி நீயே மணியடிச்சுக்கோ. பாவம் அந்தப் பொண்ணு."

அவன் சொன்னதைச் செய்திருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் நான் சனிக்கிழமை எங்கேயும் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாள் மூன்று நாளாகியும் காயவில்லை. ரேடியேட்டர் மேலே வைத்துப் பார்த்தேன். மற்ற தாள்கள் சுருண்டன, அது அப்படியே ஈரமாகக் கிடந்தது. அவள் மட்டும் தனியாக மறுபடி அங்கே போவதை நினைத்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

சனிக்கிழமை அவள் காரிலேயே போனோம். பட்டப்பகல், மேகம் ஒன்றுகூட இல்லை. திருப்பத்தில் பலகை இருந்தது, வெள்ளைப் பெயிண்ட்டில் கறுப்பு எழுத்து, என் சின்ன வயதுக்கு முன்னாலேயே வழக்கொழிந்துபோன எழுத்து வடிவம். சாலை ஏரிக்குள் இறங்கியது. இரண்டு பக்கமும் காய்ந்த சேறு, வெடித்த பனிக்கட்டி, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள். காது அடைத்துக்கொண்டது. கொலெட் கொட்டாவி விட்டாள். மலையிலிருந்து இறங்குகிற மாதிரி இருக்கிறதல்லவா என்றேன். "இன்னும் ஆழம்" என்றாள். சாலை முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. திரும்பியது, வேலி வந்தது, தபால் பெட்டிகள் வந்தன, பிறகு மண்டபம்.

உள்ளே மர அடுப்பு எரிந்தது. எரிந்தது என்றால் தீ தெரிந்தது, சூடு இல்லை. நீளமான மேசையில் பீன்ஸ் சட்டிகள், தட்டுத் தட்டாகச் சுட்ட ஆப்பிள் 'பை', பெரிய காப்பிப் பாத்திரம். பத்து பதினைந்து வரிசைகளில் ஆட்கள். கம்பளிக் கோட்டு, ரப்பர் பூட்ஸ், ஒரு பெண் மடியில் பின்னிக்கொண்டிருந்தாள். எல்லாம் எந்த ஊர்க்கூட்டத்திலும் பார்க்கிறதுதான். அவள் கழுத்துத் துணியின் நுனி மட்டும் காற்றே இல்லாமல் மெதுவாக மேலே எழும்பி, அங்கேயே நின்றது. ஜன்னல்களுக்கு வெளியே வெயில் இல்லை. ஒரு பச்சை வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது.

வாசலிலேயே ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பட்டியலில் பெயர் உள்ளவர்கள், இந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். எல்லா ஊரிலும் உண்டு அந்த வழக்கம். கொலெட் போன தடவை உட்கார்ந்த அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கயிற்றின் ஓரமாகச் சின்ன மேசையில் ஐரீன் பிளட். பூப்போட்ட சட்டை, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி. பட்டியலின் மேல் மர அடிக்கோலை வைத்து ஒவ்வொரு பெயராக இறக்கிக்கொண்டு வந்து, என் பெயரில் நிறுத்தினாள். எல்லாப் பெயருக்கும் எதிரே டிக் இருந்தது, என்னுடையதைத் தவிர.

"வந்துட்டியா" என்றாள். "உக்காரு, ஆப்பிள் பை ஒரு துண்டு எடுத்துக்கோ. எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்கோம்."

"நான் இந்த ஊர் ஓட்டர் இல்ல" என்றேன். "இங்கேருந்து போகும்போது எனக்கு ரெண்டு வயசு."

"நீ எங்க போன? ஊர்தான் போச்சு." பதிவுப் புத்தகத்தைத் திறந்து காட்டினாள். உள்ளே குண்டூசியில் குத்தி ஒரு தாள். என் கையெழுத்து. பதினெட்டு வயதில் நான் எழுதிய மாதிரி, ஆவெரில் என்பதில் கடைசி எழுத்தைத் தேவையில்லாமல் நீட்டி. "உங்கப்பா தபால்ல அனுப்பினாரு. வேற எந்த ஊர்லயும் நீ பதியல. பதிஞ்சிருந்தா உன் பேரை அடிச்சிருப்பேன். சட்டம் உனக்குத் தெரியாததா, பாடமே நடத்தறியே."

தெரியும். வேறு ஊரில் பதிகிற வரை பழைய ஊரில் பெயர் நிற்கும். பரீட்சையில் நானே கேட்டிருக்கிறேன், பத்து மார்க்குக்கு.

அப்போதுதான் மேடையைப் பார்த்தேன். பார்க்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன் என்பதுதான் நிஜம். அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் மரக்கடையில் பார்த்த, வாய் சுருங்கிப்போன கிழவர் இல்லை. முப்பத்தைந்து வயது ஆள், இப்போது என் மகன் என்றால் நம்புவார்கள். கையில் மரச்சுத்தி. என்னைப் பார்த்து ஒரு முகக்குறியும் காட்டவில்லை. கூட்டத் தலைவர் காட்டக் கூடாது.

"கடைசித் தீர்மானம்" என்றார். "ஊரை ஏரிக்குக் குடுக்கறதா வேண்டாமா. ஓட்டு ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு. பட்டியல்ல உள்ள ஓட்டர் ஒருத்தர் பாக்கி. அவங்க வந்திருக்காங்க. அவங்க போடறதுன்னா இப்பப் போடலாம். போடலைன்னா வழக்கம்போல தலைவர் போடணும்."

வழக்கம்போல என்றபோது அவர் குரல் இடறியது. பின்னிக்கொண்டிருந்த பெண் ஊசியை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள். ஒவ்வொரு மார்ச்சிலும், அதே முதல் செவ்வாய்க்கிழமையில், இவர்கள் எல்லாருக்கும் முன்னால் அதே ஓட்டை அவர் மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. மேலே மரக்கடையில் அவர் பலகை அறுத்துக்கொண்டிருந்த, சாலையைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்து நான் வெட்கப்பட்ட நாட்களில், வகுப்பில் நின்று ஓட்டுரிமை பற்றி முழங்கிய வருடங்களில், எல்லாவற்றிலும். இந்த வருடம்தான் முடியாது என்றிருக்கிறார்.

ஐரீனிடம் குனிந்து கேட்டேன். "வேண்டாம்னு முடிஞ்சா?"

"முடிஞ்சா முடிஞ்சதுதான். ஊர் ஊராவே இருக்கும்."

"தண்ணி?"

"தண்ணி போக வேண்டிய எடத்துக்குப் போகும்." ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்.

கொலெட்டுக்கு அது கேட்டுவிட்டது. அவள் வேலை செய்யும் இல்லம் ஆற்றிலிருந்து கல்லெறி தூரம். நடக்க முடியாத முப்பது பேர் அங்கே கட்டிலில் கிடக்கிறார்கள். மகள் சனிக்கிழமைகளில் அங்கேதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கொலெட் எழுந்துவிட்டாள். அவளால் கயிற்றைத் தாண்ட முடியாது, ஒரு வார்த்தை பேசவும் முடியாது. ஓட்டு இல்லாதவர்கள் கூட்டத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பதை நான்தான் போன மாதம் இரண்டு முறை அழுத்திச் சொல்லியிருந்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புரொஃபசர் போடுவாங்க" என்று வரிசையில் யாரோ அன்பாகச் சொன்னார்கள். "எல்பர்ட் பொண்ணு. பொறந்த ஊரை விட்டுக் குடுக்குமா?"

சிலர் சிரித்தார்கள். ஒரு வயதானவர் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு வருடத்தில் என்னை இப்படி யாரும் எங்கள் பொண்ணு என்று பார்த்ததில்லை. திரும்பி ஓடிவிடலாம். ஓடினால் அப்பா போட வேண்டும், இந்த முகங்களுக்கு முன்னால், இன்னொரு முறை.

ஐரீன் கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். நான் உள்ளே போனேன். என் பெயருக்கு எதிரே அவள் டிக் போடும் சத்தம் கேட்டது. இரண்டு சீட்டுகளைக் கொடுத்தாள், ஒன்றில் 'வேண்டும்', ஒன்றில் 'வேண்டாம்'. திரை மறைவுக்குப் போய் 'வேண்டும்' சீட்டை மடித்தேன், மற்றதைக் கோட்டுப் பையில் போட்டேன். எதற்காக அன்றைக்கு ஊரைக் கொடுத்தீர்கள் என்று அப்பாவிடம் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை. வேண்டாம் என்ற ஐம்பத்தெட்டு பேருக்கும் தெரியாத, கீழே கட்டிலில் கிடக்கிற யாரோ முப்பது பேரை அவரும் அன்றைக்கு நினைத்துப் பார்த்திருப்பாரோ என்னவோ.

ஓட்டுப்பெட்டி மேடைக்குக் கீழே இருந்தது. மூடியின் பிளவு வழியே உள்ளே தெரிந்த சீட்டுகள் எல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. இவ்வளவு கிட்டத்தில் அப்பா நின்றார். சவரம் செய்த தாடையில் ஒரு வெட்டு. சுத்தியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"எல்லாரும் ஓட்டுப் போட்டாச்சா?" என்றார். மூன்று முறை கேட்க வேண்டும் என்பது விதி.

ஐரீன் அடிக்கோலைப் பட்டியலின் கடைசிப் பெயர் வரை இறக்கினாள்.

"எல்லாரும் போட்டாச்சா?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கொலெட் பேனாவைத் திறந்தாள். காலிக் கட்டத்தின் மேல் முனையை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தாள். நான் கையைப் பெட்டிக்கு மேலே நீட்டினேன். அந்த மண்டபத்தில் காய்ந்திருந்த ஒரே காகிதம் என் விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"எல்லாரும்..." என்று அப்பா மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது, அதுவரை காய்ந்திருந்த என் கோட்டுக் கையின் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அதன் மேல் விழுந்தது.